ஒரு ‘கான்’ விட்டுப்போன கதை

1

என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. அதனால்தான் இந்த மாதம் ஊர்ப் பத்திரிகை வழியாக உங்களுக்கு எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

இன்று செவ்வாய்க்கிழமை. பாகான் டத்தோ போகும் சாலையில், தென்னந்தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு திடல். பள்ளிக்கூடச் சாரணர்கள் விடுமுறையில் வந்து கூடாரம் அடிக்கிற இடம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கழிப்பறை, வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு தடித்த நோட்டு. இப்போது பள்ளி விடுமுறை இல்லை என்பதால் என்னைத் தவிர இங்கே ஈ காக்கை கிடையாது. ஈரம் காயாத தார்ப்பாயின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, சைக்கிள் பையை மடியில் வைத்து அதையே மேஜையாக்கி எழுதுகிறேன்.

ஈப்போவில் நான் குமாஸ்தாவாக இருக்கும் இரும்புக்கடையில் வருஷத்துக்கு ஏழு நாள் விடுப்பு. அந்த ஏழு நாளும் தனியாகச் சைக்கிளில் எங்காவது போய்விடுவது என் வழக்கம். சைக்கிள்தான் எனக்கு மூத்த தாரம், தான் இளையவள் என்று என் மனைவி சாரதா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. “புதன்கிழமை ராத்திரிக்குள்ள வந்துருவீங்கல்ல?” என்று வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கேட்டாள். வந்துவிடுவேன் என்றேன். பையில் சிலாங்கூர் வரைக்குமான வரைபடம் இருந்ததை அவளிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நாளை மறுநாள், வியாழன் காலை ஒன்பது மணிக்கு, ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். குடியுரிமைக்கான இரண்டாவது நேர்காணல். போகாவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவோம் என்று கடிதத்திலேயே போட்டிருக்கிறார்கள். நாளை விடியற்காலை இங்கிருந்து கிளம்பினால் போய்ச் சேரலாம். இல்லை, ஆற்றைக் கடந்து தெற்கே சிலாங்கூர் பக்கம் மிதித்தால் சேர முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளில் ஏறியபோது தெற்கே போவதாகத்தான் எண்ணம். முழங்கால் சம்மதிக்கவில்லை. ஆக, இன்று முழுக்க உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாகிவிட்டது. யோசிக்காமல் இருக்கத்தானே சைக்கிள் எடுத்தேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கார்டு சமாசாரம் புரிய வேண்டும். இங்கே மலேசியாவில் குடிமக்களுக்கு நீல அடையாளக் கார்டு. என்னைப் போல வந்து தங்கியவர்களுக்குச் சிவப்பு. சிவப்புக் கார்டுக்காரன் வேலை பார்க்கத் தனியாகப் பெர்மிட் வாங்க வேண்டும், அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்க வேண்டும். சாரதா இங்கேயே செமோரில் பிறந்தவள், நீலம். மகள் மீனா நீலம். எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் சிவப்பு.

இந்த மாதத்தோடு நான் பினாங்கில் கப்பல் இறங்கி இருபத்தாறு வருஷம். அத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். சுலபமாகக் கிடைத்த காலத்தில், ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்கு இது எதற்கு என்று இருந்துவிட்டேன். பிறகு கல்யாணம், மகள். பிறகு மொழிப் பரீட்சை என்றார்கள். நான் இருபத்தாறு வருஷமாக மலாயில் ஆணியும் தகரமும் விற்கிறவன். விலை பேசுவேன், வாதாடுவேன், லோரிக்காரனைத் திட்டுவேன். ஆனால் அது சந்தை மலாய். அதிகாரி முன்னால் அது எழுந்து நிற்காது.

ஐந்தாம் படிவம் படிக்கும் மீனாதான் எனக்கு வாத்தியார் ஆனாள். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கேள்வி பதிலாக எழுதி, சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்பிக்கச் சொல்வாள். அதில் ஒரு சொல் என்னை ஆரம்பம் முதலே படுத்தியது. ‘திங்கால்’ என்றால் வசிப்பது. அதே ‘திங்கால்’ என்றால் மிஞ்சி நிற்பதும்கூட. முன்னும் பின்னும் ஒட்டுப் போட்டு ‘மெனிங்கால்கான்’ என்றால் விட்டுவிட்டு வருவது. அந்தக் கடைசி ‘கான்’ விட்டுப்போய் ‘மெனிங்கால்’ என்று நின்றுவிட்டால், இறந்துபோவது. ஒரே சொல்லுக்குள் இத்தனையையும் வைத்தவர்கள் புண்ணியவான்கள்.

முதல் நேர்காணலுக்கு மீனாவும் கூட வந்து, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி நடுவயதுக்காரர், நல்ல மரியாதையாகத்தான் பேசினார். எங்கே வசிக்கிறீர்கள், என்ன வேலை, எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இதற்கு முன் எங்கே என்றார். பதினாறு வயதில் இந்தியாவை விட்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். “சாயா மெனிங்கால் டி இந்தியா, உமோர் அனாம் பெலாஸ்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “மெனிங்கால்?” என்றார். உச்சரிப்பு பிடித்துப்போய்க் கேட்கிறார் என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன். “யா துவான். சூடா மெனிங்கால்.”

பதினாறு வயதில் இந்தியாவில் இறந்துவிட்டேன், ஆமாம் ஐயா, இறந்தாயிற்று.

“அப்படியென்றால் இங்கே உட்கார்ந்திருப்பது யார்?” என்றார் அவர் மலாயில். அறையே சிரித்தது. பக்கத்து மேஜைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால், பெஞ்சில் மீனா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் சிரித்தது எனக்கு உறைக்கவில்லை. அவள் சிரித்தது உறைத்தது.

இன்னும் பழகிக்கொண்டு வாருங்கள், மறுபடி கூப்பிடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அவள் மெதுவாக, “அப்பா, ‘கான்’ போடணும்லா” என்றாள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அன்றிலிருந்து மூன்று வாரமாக அவளிடம் சாப்பிட்டாயா, கதவைச் சாத்து, இவ்வளவுதான் பேச்சு. கணக்கு நோட்டை அவள் கொண்டுவந்து மேஜையில் வைப்பாள். நான் எழுந்து சைக்கிளுக்கு எண்ணெய் போடப் போய்விடுவேன்.

சின்னப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்கிற வயதா உனக்கு என்று சாரதா கேட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. தன் அப்பன் திக்கித் திணறுவதைப் பார்த்து அந்த அறைக்காரர்களோடு சேர்ந்து சிரிக்கிற இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாளே, அந்த இடம் என்னிடமிருந்து எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பயமாக இருந்தது. நீலக் கார்டு வாங்கினாலும் அந்த தூரம் அப்படியேதான் இருக்கும் என்று தோன்றியது. பிறகு எதற்கு மறுபடி போய் நின்று மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்?

3

நேற்று சாயங்காலம் மழையில் நனைந்து இந்தத் திடலுக்கு வந்து சேர்ந்தபோது, நிழலும் காற்றும் நன்றாக இருக்கிறதே என்று இரண்டு தென்னைகளுக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டினேன். விடிந்ததும் முதலில் கேட்டது திட்டு.

“யாருண்ணே அது, தென்ன மரத்துக்குக் கீழ படுத்துக் கெடக்குறது? காயி விழுந்தா மண்ட என்னாத்துக்கு ஆவும்? மேல பாக்க மாட்டீங்களா?”

கையில் ஈர்க்குமாற்றோடு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலையில் துண்டு. பெயர் லெட்சுமி. திடலைக் கூட்டி, கழிப்பறை கழுவி, தொட்டியில் தண்ணீர் நிரப்புவது அவர் வேலை. முன்பு பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்தவராம்.

நான் எழுந்திருக்கப் போய், கால் மடங்காமல் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

“மொழங்காலு பூசணிக்கா மாறில இருக்கு. எங்கேருந்து வாரீங்க?”

“ஈப்போலேருந்துக்கா. சைக்கிள்ல.”

“கீலாவா அண்ணே நீங்க? பஸ்ஸு ஓடலையா அங்க?” பைத்தியமா என்று மலாயில் கேட்டுவிட்டு, தமிழில் தார்ப்பாயை அவிழ்த்துக் கொட்டகை ஓரம் இழுத்துப் போட்டார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சின்னப் பாட்டிலில் எண்ணெய் கொண்டுவந்தார். தேங்காயெண்ணெயில் இஞ்சி காய்ச்சியது. “மேலேருந்து கீழ தேயிங்க. கீழேருந்து மேல தேச்சா வீக்கம் ஏறிக்கும்.”

நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பெயர் நோட்டை எடுத்து வந்தார். பெயர், கார்டு நம்பர், வசிக்கும் இடம், வந்த தேதி எல்லாம் நேற்று மழைக்கு ஒதுங்கியபோதே ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், எழுதியிருந்தேன். வசிக்கும் இடம் என்கிற கட்டத்தின் தலைப்பிலும் அதே திங்கால்தான். கடைசிக் கட்டம் ‘பாலேக் கெ’, திரும்பிப் போகும் இடம். அதை மட்டும் வெறுமனே விட்டிருந்தேன்.

“எனக்கு ரூமி எழுத்து வாசிக்க வராதுண்ணே. ஆனா காலியா இருந்தா தெரியும். கடைசில ஒரு கட்டம் விட்டுட்டீங்க. மேலாபீஸ்ல ஏசுவாங்க.”

“போறப்ப எழுதிர்றேன்க்கா.”

“எங்க போறதுன்னு இப்பயே தெரியுமில்ல?”

நான் முழங்காலை மும்முரமாகத் தேய்த்தேன். கீழிருந்து மேலாகத் தேய்க்கிறேன் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

4

எழுதக் காகிதம் தேடிப் பையைக் குடைந்தபோது, பக்கவாட்டு உறையில் ஒரு பிளாஸ்டிக் பை கையில் தட்டுப்பட்டது. உள்ளே நான்காக மடித்த தாள். நனையாமல் இருக்கட்டும் என்று ரப்பர் வளையம் வேறு.

மீனாவின் கையெழுத்து. தமிழ் எழுத்து.

உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். மீனா தமிழ் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். பிறகு பள்ளி மாறிவிட்டது. வாரத்துக்கு ஒருநாள் வீட்டில் நான் சொல்லித் தருவதாக இருந்தேன், கடையில் வேலை ஜாஸ்தியாகி அதுவும் நின்றது. எனக்கு ரோமன் எழுத்தில் மலாயை வேகமாக வாசிக்க வராது என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக, நேர்காணல் பதில்கள் அத்தனையையும் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். ‘ற’ எழுத வேண்டிய இடத்திலெல்லாம் ‘ர’. கொம்பு போட வேண்டிய இடத்தில் கால். ‘மெனிங்கால்கான்’ மட்டும் பெரிதாக, கடைசி ‘கான்’ கீழே இரண்டு கோடு. அடியில் இப்படி எழுதியிருந்தாள்:

‘அபா பயபாடாம சொலுங்க. சிரிசதுகு சோரி.’

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. ஆளில்லாத திடலில் உரக்கவே சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கை தானாகப் பேனாவைத் திறந்து ‘அபா’வில் ஒரு ‘ப்’ போட்டது. ‘சொலுங்க’வில் ஒரு ‘ல்’ போட்டது. ‘சிரிசதுகு’ பக்கம் போகும்போது கை நின்றுவிட்டது.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எழுத்து விட்டுப்போனதற்குச் சிரித்தேன். அந்த அறையில் அவளும் இதற்குத்தான் சிரித்தாள். அவள் மூன்று வாரம் தவித்து ஒரு தாளை எழுதிப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறாள். நான் மூன்று வாரம் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் உடனே ஈப்போவுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று தோன்றியதா என்றால், இல்லை. வெட்கம் வந்தால் ஓடி ஒளியத்தான் தோன்றுகிறது எனக்கு. இது என் பழைய நோய்.

5

மத்தியானம் லெட்சுமி அக்கா சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தார். கொட்டகையில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். சாப்பிடுகிறவனிடம் பேச்சுக் கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வாங்கிவிட்டார். நேர்காணல், ‘மெனிங்கால்’, அறை சிரித்தது, மகள் சிரித்தது, சிலாங்கூர் வரைபடம் வரைக்கும் சொல்லிவிட்டேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததில் அது நல்ல வேடிக்கைக் கதையாகிவிட்டிருந்தது.

அவர் சிரிக்கவில்லை.

“இந்த ‘மெனிங்கால்’ எங்க வூட்லயும் வந்துச்சிண்ணே” என்றார்.

அவர் கணவர் காத்தமுத்து, நீள மூங்கிலில் அரிவாள் கட்டித் தேங்காய் பறிக்கிறவர். பிறந்தது துறையூர்ப் பக்கம், சின்ன வயதில் வந்தவர், சிவப்புக் கார்டு. அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கலவரத்துக்குப் பிறகு பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்று ஆனபோது, தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, இரக்கப்பட்டுக் குடியுரிமைக்கு மனு எழுதிக் கொடுத்தாராம். நேர்காணலுக்குக் கடிதமும் வந்ததாம்.

“போகலண்ணே அவரு. மொத நாளு சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வச்சேன். காலைல எந்திரிச்சி மம்பட்டிய எடுத்துக்கிட்டு வாய்க்காப் பக்கம் போயிட்டாரு. ஏன்யான்னேன். ஆபீசரு முன்னால நின்னு ஒளறிக்கிட்டு இருக்க என்னால முடியாது, நாலு பேரு சிரிப்பான்னாரு. அவ்ளோதான் லா. வேற ஒரு காரணமும் கெடையாது.”

நான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

“பெர்மிட் நின்னு போச்சி. வேல போச்சி. கப்பல்ல போயிட்டு ஆறு மாசத்துல வாரேன்னாரு. நீயும் வாடின்னாரு. நான் இங்க பொறந்தவ, புள்ளையும் இங்க பொறந்துச்சி. அங்க எனக்கு யாரத் தெரியும்? பினாங்கு வரைக்கும் போயி ஏத்திவிட்டோம். நாலு காயிதம் வந்துச்சி. அப்பறம் இல்ல. பத்து வருசத்துக்கு மேல ஆவுது.”

“விசாரிக்கலையாக்கா?”

“யார்ட்ட?” என்றவர், குழம்புச் சட்டியை மூடினார். “இங்க வேலைக்கு வந்தப்ப விண்ணப்பப் பாரம் நெரப்புனாங்க. ‘சுவாமி’ எங்கன்னு கேட்டான் அந்த ஆபீஸ் பையன்.” மலாயில் கணவனுக்குச் சுவாமி என்றுதான் பெயர். “எனக்குத் தெரிஞ்ச மலாயில, என்னைய விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொன்னேன். ‘சுவாமி சூடா திங்கால் சாயா’ன்னேன். அவன் மூஞ்சி ஒரு மாறி ஆயிருச்சி. பாவம், ரொம்ப மரியாதையா எழுதிக்கிட்டான். ரெண்டு வருசம் கழிச்சி என் மக பாத்துட்டுச் சொல்லுது, அம்மா, இதுல அப்பா செத்துட்டாருன்னு போட்டிருக்கு, ‘மெனிங்கால்’னு.”

“மாத்தச் சொல்லலையா?”

“மாத்துனா என்னா எழுதுவான்? உசுரோட இருக்காருன்னா, எங்க இருக்காருன்னு ஒரு கட்டம் வரும். அத எப்புடி நெரப்புறது? அப்புடியே வுட்டுட்டேன்.” அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “காயிதத்துல ஒண்ணு, நெத்தியில ஒண்ணு. நான் எந்தப் பக்கம்னு எனக்கே தெரியலண்ணே.”

கொட்டகைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. அவர் எழுந்து கொடியில் கிடந்த என் சட்டையை எடுத்து உள்ளே போட்டார். அதைச் செய்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“நீங்க ஒளறுனதுக்கு உங்க மக சிரிச்சிச்சி. எம் மகளுக்குச் சிரிக்க ஆளு இல்லண்ணே.”

6

சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தும் வாய்க்கால் பக்கம் போன அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அவரை நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் சைக்கிளில் ஏறியது அவர்தான். அவர் மம்பட்டி எடுத்தார், நான் பம்ப்பு எடுத்தேன்.

என் பழைய நோய் என்று மேலே எழுதினேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஊரிலிருந்து கிளம்பிய காலையில் அம்மா பக்கத்து ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மாமா ரயிலுக்கு அவசரப்படுத்தினார். இரண்டு மைல்தான். ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம், நேரம் இருந்தது. அழுவாளே, நானும் எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேனே என்று போகவில்லை. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ‘சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்’ என்று அம்மா முதல் கடிதத்தில் ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தாள். அப்புறம் அதைப் பற்றி எழுதவே இல்லை. எட்டாம் வருஷம் அவள் இறந்த தந்தி வந்தபோது என் பாஸ்போர்ட் ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தது. போக முடியவில்லை.

புதன்கிழமை விடிவதற்கு முன்பே தார்ப்பாயைச் சுருட்டிவிட்டேன். லெட்சுமி அக்கா நோட்டை நீட்டினார். கடைசிக் கட்டத்தில் ‘ஈப்போ’ என்று ரூமியில் எழுதினேன். சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி அவர் குனிந்து பார்த்தார்.

சைக்கிளில் ஏறப் போகும்போது ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். “நேத்து பூரா எழுதிக்கிட்டே இருந்தீங்களே, ஊருப் பத்திரிகைக்குன்னு. அத அங்க எல்லாரும் படிப்பாங்களா?”

“படிக்கிறவங்க படிப்பாங்கக்கா.”

“அப்பன்னா இதையும் எழுதுங்கண்ணே” என்று ஒரு விஷயம் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பாதி வழி ஒரு காலாலேயே மிதித்தேன். தெலுக் ஆன்சனில் பஸ் மேல் சைக்கிளை ஏற்றிவிட்டேன். இதை அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

7

இது ஈப்போவில், வெள்ளிக்கிழமை எழுதுவது.

அதே அறை, அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். “ஹீடுப் லாகி?” என்றார். இன்னும் உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று அர்த்தம். இந்த முறையும் அறை சிரித்தது. “ஹீடுப் லாகி, துவான்” என்றேன். பின்னால் பெஞ்சில் மீனா சிரிக்காமல், கண்ணை என் முதுகிலேயே வைத்திருந்தாள் என்று பிறகு சாரதா சொன்னாள். சாரதாவும் இந்த முறை கூட வந்திருந்தாள், நான் ஓடிப்போகாமல் இருக்க.

கேள்வி வந்தது. நான் இந்தியாவை மெனிங்கால்கான் என்றேன். கானை அழுத்தியே சொன்னேன்.

அவர் “பாகூஸ்” என்று தலையாட்டி எழுதிக்கொண்டார். நன்று என்றார். இத்தனை வருஷமும் தமிழில் நான் ‘வந்தேன்’ என்றே சொல்லி வந்திருக்கிறேன். பதினாறு வயதில் மலாயாவுக்கு வந்தேன், அப்படி வந்தேன், இப்படி வந்தேன். விட்டுவிட்டு வந்தேன் என்று ஒருமுறைகூட என் வாயால் சொன்னதில்லை. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில்கூடச் சொன்னதில்லை. அதை முதல்முதலாக அந்நிய பாஷையில், ஓர் அதிகாரியிடம், இலக்கணப் பிழை இல்லாமல் சொல்லியிருக்கிறேன். பிழையாகச் சொன்னபோது செத்தது நான். சரியாகச் சொன்னபோது கைவிடப்பட்டது அம்மா.

இந்தியாவில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கடைசியாக ஒரு கேள்வி. யாரும் இல்லை என்றேன். ஒரு கட்டத்தில் கோடு போட்டார். கையெழுத்துப் போட்டேன். கடிதம் வரும், காத்திருங்கள் என்றார். வந்தால் நீலம். வராவிட்டால் என்ன என்பதை இப்போது நினைக்கவில்லை.

வெளியே வந்ததும் மீனா, “கான் போட்டுட்டீங்கப்பா!” என்றாள்.

“போட்டேன். நீ அப்பாவுக்கு ஒரு ‘ப்’ போடு மொதல்ல.” தாளை எடுத்துக் காட்டினேன். அவள் என் திருத்தத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் ஓர் அடி அடித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் உருப்படியான பேச்சு அதுதான். பஸ் நிறுத்தம் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டே வந்தவள், திடீரென்று கேட்டாள்: “அங்க யாருமே இல்லைன்னு சொன்னீங்களே. அப்பன்னா நீங்க மாசா மாசம் யாருக்குப்பா எழுதுறீங்க?”

உங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆகவே, யாரும் இல்லை என்று நான் சொல்லி அதிகாரி கோடு போட்ட இடத்தில் இருக்கிறவர்களே, லெட்சுமி அக்கா சொன்னதை எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது துறையூர்ப் பக்கம் போக்குவரத்து இருந்தால் விசாரியுங்கள். பெயர் காத்தமுத்து. வயது அறுபதை நெருங்கலாம். மலாயாவில் தேங்காய் பறித்தவர். இடது புருவத்தில் தென்னை மட்டை விழுந்த தழும்பு உண்டு. வேறு குடும்பம் இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லச் சொன்னார். திரும்பி வர வேண்டியதில்லை. மகளுக்கு எழுத வேண்டியதும் இல்லை. இருக்கிறாரா, இல்லையா, ஒரு வரி போதும்.

மலாயில் அவர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. தமிழில் என்ன ஆனார் என்று தெரிந்தால், அந்தப் பொட்டை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று அக்கா முடிவு செய்துகொள்வார்.